ஸ்பானிய முகமன் சொற்களைச் சிறுவர்களுக்குக் கற்பித்த அனுபவங்கள்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஸ்பானிய மொழியில் முகமன் கூறக் கற்பிக்கும்போது, சொற்களைப் பட்டியலாக ஒப்பிக்க வைப்பதைவிட, யாரிடம், எப்பொழுது, எதைச் சொல்வது என்ற சூழலோடு சேர்த்துத் தருவதுதான் அவர்கள் மனத்தில் நிலைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

வணக்கம் என்னும் பொருளுள்ள 'ஓலா' எந்த நேரத்துக்கும் பொருந்துவதால் அதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். காலைக்கு 'புவேனோஸ் தீயாஸ்', பிற்பகலுக்கு 'புவேனாஸ் தார்தேஸ்', இருட்டிய பிறகு 'புவேனாஸ் நோச்சேஸ்' என்று வரும்போதுதான் கேள்விகள் பிறக்கின்றன. முதல் சொல் காலையில் மட்டும் ஏன் வேறாக முடிகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். நாள் என்னும் பொருளுள்ள 'தீயா' ஸ்பானியத்தில் ஆண்பால் சொல், மற்ற இரண்டும் பெண்பால் சொற்கள் என்பதே காரணம். ஆனால் அந்த வயதில் இலக்கணத்தை விரிக்காமல், 'தீயாஸ்' தனக்கென்று ஒரு துணையை வைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. 'புவேனாஸ் நோச்சேஸ்' இரவில் சந்திக்கும்போதும் விடைபெறும்போதும் சொல்லப்படுவது என்பதை, ஒரு பொம்மை விருந்துக்கு வருவதாகவும் பின்னர் உறங்கச் செல்வதாகவும் நடித்துக் காட்டியபோது எளிதில் புரிந்துகொண்டார்கள்.

நான் அதிக நேரம் ஒதுக்குவது நலம் விசாரிப்பதற்குத்தான். தோழனிடம் 'கோமோ எஸ்தாஸ்' என்றும், மரியாதைக்குரிய பெரியவரிடம், 'நீங்கள்' என்பதற்கான 'உஸ்தெத்' சேர்த்து, 'கோமோ எஸ்தா உஸ்தெத்' என்றும் கேட்க வேண்டும். ஒரு குழந்தைக்குக் கண்ணாடியும் கைத்தடியும் கொடுத்துப் பாட்டியாக உட்கார வைத்தால், மற்றவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தி 'உஸ்தெத்' சேர்க்கிறார்கள். கொலம்பியாவின் சில பகுதிகளில் நெருங்கியவர்களிடமும் 'உஸ்தெத்' வழங்குவதையும், அர்ஜென்டினாவில் 'நீ' என்னும் பொருளுள்ள 'தூ' என்பதற்குப் பதிலாக 'வோஸ்' வழங்குவதையும் இந்த வயதினரிடம் நான் எடுப்பதில்லை.

இதைப் படித்த மற்றோர் ஆசிரியர் பகிர்ந்தது:

தங்கள் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒலிப்பைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன். 'ஓலா'வின் எழுத்து வடிவில் முதலில் நிற்கும் எழுத்து ஒலிப்பதில்லை. அதைப் பலகையில் முன்கூட்டியே எழுதிக் காட்டிவிட்டால் குழந்தைகள் 'ஹோலா' என்றே படிக்கிறார்கள், பிறகு திருத்துவது கடினமாகிவிடுகிறது. எனவே காது நன்றாகப் பழகும்வரை நான் எழுதுவதே இல்லை. விடைபெறும்போது சொல்லும் 'அதியோஸ்' என்பதில் வரும் 'தி' ஒலி, 'பாதி' என்னும்போது நாம் மென்மையாக உச்சரிக்கும் தகரத்தை ஒத்தது. வகுப்பு முடிந்து கலையும்போது, நாளை சந்திப்போம் என்ற பொருளில் 'அஸ்தா மன்யானா' சொல்லி அனுப்புகிறேன். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளும் வாசலில் அதைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள்.

எழுத்துக்கு வரும்போது, கேள்வியின் தொடக்கத்திலேயே தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி அவர்களை மிகவும் மகிழ்விக்கிறது. ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1754இல் வகுத்த விதி அது. பெயர் சொல்லும் 'மே யாமோ' தொடரை நீங்கள் முகமன் சொற்களோடு சேர்த்தே தொடங்குகிறீர்களா, அவை பழகிய பின்னரா என்று அறிய விரும்புகிறேன்.