சோபே, சாம்பேசி, லுவாங்வா: வழிகாட்டியோடு போனவர்கள் கண்டது

கரிசல்:

போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்குக் குழுவாகப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் சிங்கக் கதைதான் சொல்வார்கள். என்னிடம் இருப்பது யானைக் கதை. அதிலும் யானை செய்ததைவிட எங்கள் வழிகாட்டி செய்யாமல் விட்டதுதான் முக்கியம்.

காசானே ஊரில் தங்கியிருந்தோம். விடியற்காலையில் திறந்த ஜீப், பிற்பகலில் படகு. குழுவில் பல நாட்டவர் இருந்தார்கள். வந்த அன்றே ஒருவருக்குச் சிறுத்தை வேண்டியிருந்தது. இன்னொருவருக்குச் சிங்கம், அதுவும் இரை பிடிக்கும் சிங்கம். ஓட்டல் மேசையில் அமர்ந்து சர்வரிடம் சொல்வது போலவே சொன்னார்கள். வழிகாட்டி பேச்சு குறைந்த மனிதர். எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்பார்.

ஆகஸ்ட் மாதம். மழை நின்று பல மாதங்கள் ஆகியிருந்ததால் உள்காட்டுக் குட்டைகள் வற்றிவிட்டன. மோபானே மரக்காடுகளிலிருந்து யானைகள் பிற்பகலில் சோபே ஆற்றை நோக்கி இறங்கும். உலகிலேயே அதிக யானைகள் உள்ள நாடு போட்ஸ்வானா, ஏறத்தாழ 1,30,000. அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் கரைச் சரிவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கூட்டத்துக்குப் பின் கூட்டமாக அவை இறங்கியபோது வாயடைத்துப் போனது.

ஆற்றின் நடுவே செடுடு என்ற புல் தீவு இருக்கிறது. மழைக்காலத்தில் பெரும்பகுதி நீரில் மூழ்கும் இந்த மேட்டுக்காகப் போட்ஸ்வானாவும் நமீபியாவும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 1999-இல் தீர்ப்பு போட்ஸ்வானாவின் பக்கம் வந்தது. யானைகளுக்கு வழக்கும் தெரியாது, எல்லையும் தெரியாது. தீவில் பசும்புல் இருக்கிறது, அதனால் நீந்திப் போகின்றன.

நாங்கள் பார்த்த கூட்டத்தில் மிகச் சிறிய குட்டி ஒன்று இருந்தது. முன்னால் நின்ற மூத்த பெண் யானைக்கு நீண்ட தந்தங்கள். முதுமலையில் யானை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தந்தம் உள்ள யானை பெண் என்பது மனதில் பதியவே கொஞ்ச நேரம் ஆகும். வழிகாட்டி வெகு தொலைவிலேயே படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். யானைகளும் தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டன. அப்போது பார்த்து வானொலிக் கருவியில் சேதி வந்தது: ஆற்றின் கீழ்ப்பக்கக் கரையில் சிங்கங்கள். படகே எழுந்து நின்றது. போகலாம், போகலாம் என்று நாலா பக்கமும் குரல்.

அவர் சாவியைத் தொடவில்லை. "இப்போது இயந்திரத்தைப் போட்டால் அந்தக் குட்டி கரைக்குத் திரும்பிவிடும். உட்காருங்கள்" என்றார். இதற்குள் வேறொரு படகு யானைகளுக்கும் தீவுக்கும் நடுவே நுழையப் பார்த்தது. இவர் கையை உயர்த்தி, செட்ஸ்வானா மொழியில் ஏதோ இரண்டு சொல் சொன்னார். அந்தப் படகு பின்வாங்கியது.

பிறகுதான் மூத்தவள் இறங்கினாள். ஆழம் வந்ததும் உடல்கள் மறைந்து துதிக்கைகள் மட்டும் நீருக்கு மேலே தெரிந்தன. குட்டியை இரு பெரிய யானைகள் நடுவில் வைத்துக்கொண்டன. அதன் துதிக்கை அவ்வப்போது காணாமல் போகும், எங்கள் படகில் யாரோ "ஐயோ" என்பார்கள், மறுபடி எழும். தீவில் ஏறியதும் குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. பின்னால் வந்த யானை நெற்றியால் ஒரு முட்டு முட்டி ஏற்றிவிட்டது. சிங்கம் கேட்டவர்களில் ஒருவர்தான் முதலில் கைதட்டப் போனார், பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்கங்களிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவை போய்விட்டிருந்தன. இரண்டு பேர் இரவு உணவு வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். குழுப் பயணத்தில் மேய்க்கக் கடினமான மிருகம் மனிதன்தான்.

மறுநாள் ஜீப்பில் ஓர் இளங்களிறு எங்களை நோக்கி ஓடிவந்தது. காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல்தான். காதை ஒடுக்கி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் உண்மையான தாக்குதலாக இருக்கலாம் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். "எல்லா யானையும் இந்தப் பாடத்தைப் படித்திருக்காது" என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். இது படித்த யானை. பாதி வழியில் நின்று, புழுதியை உதைத்துவிட்டுப் போனது.

உங்கள் வழிகாட்டிகள் எப்படி? எழுதுங்கள்.

தும்பி:

கரிசல் அண்ணா, நீங்கள் இருந்தது கூரை போட்ட படகு. நாங்கள் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பகுதியில் சாம்பேசி ஆற்றில் துடுப்புப் படகில் போனோம். ஒரு படகுக்கு இரண்டு பேர், வழிகாட்டியின் படகு முன்னால், மற்றவை வரிசையாகப் பின்னால். ஆபத்து முதலையால் வரும் என்று நினைத்தேன். அவர் கவலைப்பட்டதெல்லாம் நீர்யானையைப் பற்றி.

நீர்யானை பயந்தால் ஓடுவது ஆழமான தண்ணீருக்கு. அது கரையில் இருக்கும்போது அந்த வழியை நாம் மறைத்தால் தீர்ந்தது. அதனால் வளைவு வரும்போதெல்லாம் துடுப்பால் படகின் பக்கத்தைத் தட்டுவார். தட்டினால் மூழ்கியிருப்பவை தலையைக் காட்டும், எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம். ஓரிடத்தில் நாணல் ஓரம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை, பாறை என்றே நினைத்தோம். அவர் எல்லாப் படகுகளையும் பின்னுக்கு இழுத்து ஒதுக்கிவிட்டுத் தட்டினார். பாறை எழுந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை வேகமாக ஓடும் என்று நேரில் பார்க்காமல் நம்ப முடியாது. எங்களுக்கு முன்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய் மூழ்கியது. எங்கே என்று தெரியவில்லை. ஐந்து நிமிடம் வரைகூட அது மூச்சை அடக்கியிருக்கும் என்றார். அது தலை தூக்கும்வரை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடு ஆற்றில் காதை ஆட்டிக்கொண்டு எழுந்து எங்களையே பார்த்தது. அதன் பிறகுதான் கிளம்பினோம்.

கரையில் யானை பின்னங்கால்களில் நின்று மரத்துக் காய்களைப் பறிப்பதையும் அங்கே பார்த்தோம். மானா பூல்ஸ் களிறுகள் சில அதற்குப் பெயர் போனவை. வித்தை காட்டுவதாக நினைக்காதீர்கள், வறட்சியில் கீழே தீவனம் இல்லை.

நெடுவழி:

சோபே ஆற்றங்கரையை எல்லோரும் புகழ்கிறார்கள். யானைக்குச் சரி. ஆனால் வறண்ட மாதங்களில் ஒரு சிங்கத்தைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிப்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா? எனக்கு அது ஒரே நாளில் சலித்துவிட்டது.

நான் சொல்வது சாம்பியாவின் தெற்கு லுவாங்வா. நடந்து காடு பார்க்கும் வழக்கத்தை 1950-களில் நார்மன் கார் என்ற காட்டுயிர் ஆர்வலர் தொடங்கிவைத்த பள்ளத்தாக்கு. முன்னால் துப்பாக்கி ஏந்திய காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் ஒற்றை வரிசையில் நாங்கள். பேசக் கூடாது. நடந்துபோனால் பெரிய மிருகம் குறைவாகத்தான் கண்ணில் படும். சாணம், கால்தடம், கறையான் புற்று, இவைதான் அதிகம். ஒருநாள் புதருக்குள்ளிருந்து ஒரு பறவை கரகரவென்று சீறியது. என் காதில் அது விழக்கூட இல்லை. காவலர் கையை உயர்த்திவிட்டார். மாட்டின் மேல் உண்ணி பொறுக்கும் பறவை அது. அது சீறினால் அதன் கீழே எருமை இருக்கும். இருந்தது, தனிக் கிழட்டுக் காளை. காற்று எங்கள் பக்கம் வீசுகிறதா என்று மண்ணைத் தூவிப் பார்த்து, பெரிய வட்டம் போட்டுச் சுற்றிப் போனோம். புகைப்படம் எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று: கருநீலம், கறுப்பு உடை வேண்டாம். ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். துணிக்கு மேலேயே கடிக்கும்.

தும்பி:

நெடுவழி சொல்லும் நிறக் கதை உண்மைதான். கரிசல் அண்ணா, ஜூலையில் போக விரும்பும் ஒருவர் குளிரைப் பற்றிக் கேட்கிறார். நீங்கள்தானே விடியலில் ஜீப்பில் போனவர்?

கரிசல்:

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வருகிறார்கள். ஜூன், ஜூலையில் சூரியன் எழும் முன் திறந்த ஜீப்பில் காற்று அறையும். கம்பளித் தொப்பி, கையுறை, கனமான ஜாக்கெட் மூன்றும் வேண்டும். பத்து மணிக்கு அத்தனையும் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே அடுக்கடுக்காக அணியுங்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலிருந்தே தொடங்குங்கள். போட்ஸ்வானாவில் வழியில் கால்நடை நோய்ச் சோதனைச் சாவடிகள் வரும்; கோமாரி பரவாமல் இருக்க மருந்து நனைத்த விரிப்பில் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் மிதித்து எடுக்கச் சொல்வார்கள், பெட்டியில் இருப்பதையும்தான். பச்சை இறைச்சி வைத்திருந்தால் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் எலுமிச்சை ஊறுகாயை ஒருவர் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடித் திருப்பிக் கொடுத்தார்.