உதவி தேவை: சிங்க முத்திரை உள்ள பழைய போல்ட் ரைஃபிள். .303-ஆ, 7.62-ஆ? எந்த மாடல்?

ஈட்டிமரம்:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் மாடல் பிடிபடவில்லை. லீ-என்ஃபீல்டு குடும்பம் என்பது பார்த்தாலே தெரிகிறது. மசில் (குழலின் வாய்) வரைக்கும் மரம், முனையில் பெரிய நோஸ் கேப் (உலோக மூடி), பேக்சைட் (பின்புறக் குறிகாட்டி) பேரல் மேலேயே இருக்கிறது. விற்றவர் ".303, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார்" என்று சொல்லிக் கொடுத்தார்.

பட் சாக்கெட்டின் (பின் கட்டை பொருந்தும் உலோகப் பகுதி) வலது பக்கம் மூன்று தலைச் சிங்க முத்திரை, அதன் கீழே ஆர்.எஃப்.ஐ., அதற்கும் கீழே 196 என்று ஆண்டு. கடைசி இலக்கம் தெரியவில்லை. அடுத்த வரியில் 'ரைஃபிள்' என்ற சொல் மங்கலாக இருக்கிறது, மீதி கறுப்பு பெயின்ட்டுக்குள் போய்விட்டது. பேக்சைட் லீஃபில் (தூரம் குறித்த தகடு) அளவு 2000 வரை போகிறது. மேகசின் தனியாக வந்தது. அதன் அடிப்பக்கம் சாய்வாக இருக்கிறது. முன் கட்டையில் மேகசினுக்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ. பேரலுக்குள் ரைஃப்ளிங் (சுருள் பள்ளங்கள்) நன்றாகத் தெரிகிறது. போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ரிசீவர் (போல்ட் ஓடும் உடல் பகுதி) எண்ணும் வேறு வேறு.

எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று உறுதியாகும் வரை சுடப் போவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தோட்டாப்பெட்டி:
குறுக்கு ஸ்க்ரூ இருக்கிறது, 196-ல் தொடங்கும் ஆண்டு இருக்கிறது. இது இஷாப்பூர் 2ஏ1 தான், 7.62 நேட்டோ (7.62×51) தோட்டா. அந்த ஸ்க்ரூவுக்கே 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றுதான் பெயர்.

இழைப்புளி:
ஸ்க்ரூவை வைத்து முடிவு கட்ட வேண்டாம் நண்பரே. முன் கட்டை பிளக்காமல் இருக்க இஷாப்பூர் தொழிற்சாலை அதை .303 மார்க் 3 ரைஃபிள்களிலும் போட்டிருக்கிறது. 2ஏ, 2ஏ1 இரண்டுக்குமே பழைய நம்பர் 1 கட்டைகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ஆகவே மரத்தைப் பார்த்து காலிபர் (தோட்டா அளவு) சொல்ல முடியாது.

சிங்க முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: சுதந்திரத்துக்குப் பிந்தைய தயாரிப்பு. அதற்கு முன்னால் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. எழுத்துகளும் இருக்கும். ஆர்.எஃப்.ஐ. என்பது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. இத்தனை அடையாளமும் மூன்று ரைஃபிள்களுக்குப் பொருந்தும்.

முதலாவது, .303 நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். இரண்டாவது 2ஏ: 1962 சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தில், மேம்பட்ட ஸ்டீலில், 7.62×51-க்காகவே புதிதாகச் செய்தது. மூன்றாவது 2ஏ1: 1965-லிருந்து. 2ஏ-க்கும் 2ஏ1-க்கும் முக்கிய வித்தியாசம் பேக்சைட்தான். 2000 வரை இருந்த அளவு நடைமுறைக்கு ஒவ்வாது என்று 800-க்குக் குறைத்து, பெயரோடு ஒரு '1' சேர்த்தார்கள்.

.303-ஐ .410 மஸ்கட்டாக மாற்றியதும் உண்டு. ஆனால் அது ரைஃப்ளிங் இல்லாத வழுவழுப்பான குழல். மேகசின் குழியில் மரக்கட்டை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும்படி செய்திருப்பார்கள். உங்களுடையதில் ரைஃப்ளிங் இருப்பதால் அதை விட்டுவிடலாம்.

லீஃபில் 2000 என்பதால் 2ஏ1-க்கு வாய்ப்பு குறைவு. ஆனால் முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. லீஃப், மேகசின், போல்ட், பட் பிளேட் எல்லாம் ஆயுதக் கிடங்கில் மாற்றி மாற்றிப் போடக்கூடியவை. எளிதில் மாற்ற முடியாத இடம் சாக்கெட் முத்திரையும் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) தான்.

ஈட்டிமரம்:
மேகசின் அடி சாய்வாக இருப்பது .303-க்குச் சான்று இல்லையா? விற்றவர் அதைத்தான் காட்டுகிறார்.

இழைப்புளி:
அந்த மேகசின் .303-க்கு உரியது, அதில் சந்தேகமில்லை. 7.62 மேகசினின் அடிப்பக்கம் சதுரமாக, பெட்டி போல இருக்கும். ஆனால் தனியாக வந்த மேகசின் அந்த ரைஃபிளைப் பற்றி எதுவும் சொல்லாது. விற்பவர் கையில் கிடைத்ததைச் சேர்த்துக் கொடுப்பது சாதாரணம். எக்ஸ்ட்ராக்டரும் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) அப்படித்தான். ரிம் (அடியில் வெளியே நீளும் விளிம்பு) இல்லாத தோட்டாவைப் பிடிக்க 2ஏ-யில் அதை மாற்றி வடிவமைத்தார்கள். ஆனால் உங்கள் போல்ட் எண்ணே ரிசீவரோடு பொருந்தவில்லை. அந்த போல்ட்டின் பேச்சை நம்ப வேண்டாம்.

முதலில் சாக்கெட்டைப் படியுங்கள். இஷாப்பூர் ரைஃபிள்களுக்குக் கறுப்பு பெயின்ட் தடிமனாக அடித்திருப்பார்கள், எழுத்துப் பள்ளம் நிரம்பிப் போயிருக்கும். காது குடையும் பஞ்சு பட்ஸில் அசிட்டோன் தொட்டு, எழுத்தின் மேல் மட்டும் ஒற்றி ஒற்றி எடுங்கள். மரத்தில் பட்டால் பூச்சு போய்விடும், ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒயர் பிரஷ், உப்புத்தாள், ஆசிட் மூன்றும் கூடவே கூடாது. மங்கிய முத்திரை ஒரு தடவை தேய்ந்தால் திரும்ப வராது. பெயின்ட் போனதும் அறையை இருட்டாக்கி டார்ச்சை உலோகத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வெட்டு நிழலில் தெரியும். சாக்பீஸ் தடவித் துடைத்தாலும் பள்ளத்தில் வெள்ளை தங்கும்.

பேரலிலும் ஒரு பார்வை பாருங்கள். இறக்குமதியாகி வந்திருந்தால் பொடி எழுத்தில் இறக்குமதியாளர் முத்திரையும் காலிபரும் இருக்கலாம்.

வெர்னியர்:
முத்திரை தெரிந்தாலும் சேம்பரை வார்ப்பு எடுத்து அளக்காமல் தோட்டா போடாதீர்கள். அறுபது வருடப் பழைய ரைஃபிளில் பேரல் மாறியிருக்கலாம். குழலின் விட்டத்தை மட்டும் அளந்து பயனில்லை. .303 பள்ள விட்டம் சுமார் 7.9 மி.மீ., 7.62-ல் 7.82. தேய்ந்த குழலில் இந்த வித்தியாசம் காணாமல் போகும். அதுவும் .303 என்ஃபீல்டு பேரலில் வழக்கமாக ஐந்து பள்ளம். எதிரெதிரே பள்ளம் வராததால் வெர்னியரில் நேராக அளக்கவே முடியாது.

சேம்பரில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். .303 அடியில் 11.7 மி.மீ., தோள் (கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) அருகே 10.2, நன்றாகக் கூம்பிப் போகும். 7.62 அடியில் 11.9, தோள் அருகே 11.5, ஏறக்குறைய நேராகப் போகும். தோள் தொடங்கும் இடம் .303-ல் பின்னிருந்து 45.5 மி.மீ., 7.62-ல் 39.6. ஆறு மி.மீ. வித்தியாசத்தைச் சாதாரண ஸ்கேலிலேயே பார்த்துவிடலாம்.

செரோசேஃப் என்ற வார்ப்பு உலோகம் வாங்குங்கள். 70–88 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், நேரடித் தீ வேண்டாம். கொதிநீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினால் போதும். அதில் ஈயமும் கேட்மியமும் உண்டு. சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசி வரை பின்னால் இழுத்து, போல்ட் ஹெட்டை மேலே தூக்கினால் ரிசீவர் தண்டவாளத்திலிருந்து விடுபடும். சேம்பரில் எண்ணெயும் அழுக்கும் இல்லாமல் துடைத்து, மிக லேசாக மட்டும் எண்ணெய் காட்டுங்கள். மசில் வழியாகக் கிளீனிங் ராடில் துணியைச் செலுத்தி, ரைஃப்ளிங் தொடங்கி ஒரு சென்டிமீட்டர் தாண்டி இறுக்கமாக அடையுங்கள். ராடை உள்ளேயே விட்டு, மசில் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். அலுமினியத் தாளைக் குழாயாகச் சுருட்டி, பின்னாலிருந்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் இடையில் கோடு விழும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது எங்கே என்றால், நிரம்பி வழிய விடுவதில்தான். சேம்பர் வாயைத் தாண்டி எக்ஸ்ட்ராக்டர் வெட்டுக்குள் இறங்கிவிட்டால் வார்ப்பு பூட்டிக்கொள்ளும், தட்டினாலும் வராது. வாய்க்கு ஒரு மி.மீ. கீழேயே நிறுத்துங்கள். கெட்டியானதும் ராடால் மெதுவாகத் தள்ளி எடுத்துவிடுங்கள். இந்த உலோகம் முதல் அரை மணி நேரம் சுருங்கும், பிறகு விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேம்பரின் உண்மையான அளவுக்கு வரும். அப்போதுதான் அளக்க வேண்டும்.

ஈட்டிமரம்:
செய்து பார்த்தேன். வார்ப்பு சுத்தமாக வந்தது. அடியில் 11.97, தோளுக்குச் சற்றுப் பின்னால் 11.5, தோள் தொடங்குவது வார்ப்பின் பின் விளிம்பிலிருந்து 38 மி.மீ. சொச்சத்தில். ஒரு மி.மீ. குறைத்துத்தான் ஊற்றினேன்.

பெயின்ட் எடுத்தபின் ஆண்டு 1964 என்று தெரிகிறது. கீழ் வரி 'ரைஃபிள் 7.62 எம்.எம்.', அதன் கீழே '2ஏ'. அதற்கு அடுத்து எதுவும் இல்லை; டார்ச் சாய்த்துப் பார்த்தும் வெறும் உலோகம்தான்.

இழைப்புளி:
அப்படியென்றால் முடிந்தது. இஷாப்பூர் 2ஏ, 7.62×51. முத்திரை, 1964, 2000 லீஃப், சேம்பர் நான்கும் ஒன்றையே சொல்கின்றன. உங்கள் லீஃப் மாற்றப்படாத அசல் வகை. 2ஏ1-ஐவிட 2ஏ வெளிவந்த காலம் குறுகியது, ஆகவே அந்த லீஃபை யாராவது 800-க்கு மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். பதிவுத் தாளில் .303 என்று எழுதியிருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

தோட்டாப்பெட்டி:
காலிபர் தெரிந்துவிட்டதே, கடையில் கிடைக்கும் .308 வின்செஸ்டர் போடலாமா? வெளி அளவு ஒன்றுதானே.

வெர்னியர்:
வெளி அளவு ஒன்று, அழுத்தமும் சேம்பர் வரம்பும் ஒன்றல்ல. சில வணிக .308 தோட்டாக்கள் ராணுவ 7.62-ஐவிட அதிக அழுத்தத்தில் நிரப்பப்படுகின்றன. ராணுவ சேம்பர் நீளமாக இருக்க அனுமதி உண்டு; .308 கேஸின் (தோட்டாவின் உலோகக் கூடு) சுவரோ பொதுவாக மெல்லியது. நீண்ட சேம்பரில் மெல்லிய கேஸ் அடிப்பக்கத்தில் கிழியும். 7.62×51 ராணுவ அளவுத் தோட்டாவோடு நில்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டாவை நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்க வேண்டும். போல்ட் எண் பொருந்தவில்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். அந்த போல்ட் .303-லிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம், அப்போது எக்ஸ்ட்ராக்டரும் சரியாகப் பிடிக்காது. .303 கேஜ் இதற்கு உதவாது, அது ரிம் தடிமனை அளப்பது. இங்கே தோளை அளக்கும் கேஜ் வேண்டும். எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை ஒரு விரலால் மட்டும் அழுத்துங்கள். 1.630 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 1.6455 ராணுவ ஃபீல்டு கேஜில் மூடக் கூடாது. மூடிவிட்டால் அந்த போல்ட்டோடு சுடக் கூடாது.

ஈட்டிமரம்:
அப்படி மூடினால் போல்ட் ஹெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

வெர்னியர்:
போல்ட் ஹெட் நீளம் குறைவு என்றால் சரியாகும். லாக்கிங் லக் (போல்ட்டைப் பூட்டும் முனைப்பு) தேய்ந்திருந்தால் ஆகாது. நம்பர் 4 ரைஃபிளுக்கு 0, 1, 2, 3 என்று அளவு எண் போட்ட போல்ட் ஹெட்கள் உண்டு, வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அவை உங்கள் போல்ட்டில் ஏறாது. நம்பர் 1 வகைக்கு அந்த எண் வரிசை கிடையாது. ஒவ்வொன்றாக அளந்துதான் பொறுக்க வேண்டும். போல்ட் முழுவதும் மாறியிருப்பதால், இரண்டு லக்குகளும் ரிசீவரில் சமமாக உட்காருகின்றனவா என்று நீலச்சாயம் பூசிப் பார்ப்பதும் அவசியம். அதை ஆயுத மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இழைப்புளி:
சதுர அடி 7.62 மேகசின் தேடும்போது 2ஏ1-க்கு உரியதையே கேட்கலாம், இரண்டுக்கும் ஒரே வகைதான். கிடைத்ததும் வெடிக்காத போலித் தோட்டா ஐந்து போட்டு மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றி இறக்குங்கள். முனை சேம்பர் வாயின் கீழ் விளிம்பில் முட்டினால் மேகசின் உதடுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் விரிந்திருக்கும்.