புதுப்பிப்பு: அடமானப் பத்திரத்தில் முழுப்பெயர், ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் மட்டும்

கலிபோர்னியாவில் வீட்டுக்கடன் ரீபைனான்ஸ் (பழைய கடனை அடைக்கப் புதிய கடன் பெறுதல்) ஒன்றுக்கு நோட்டரியாகக் கையொப்பம் பெறச் செல்லவிருந்த நிலையில், அடமானப் பத்திரத்தில் தந்தை பெயருடன் முழுமையாக இருந்த கடனாளியின் பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியலாக மட்டுமே இருந்தது; அடையாளத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பயன்பட்டது, எஸ்க்ரோ அலுவலரை (கடன் ஆவணங்களையும் பணத்தையும் இடைநின்று கையாளுபவர்) முன்கூட்டியே அழைத்து வேறு அடையாள ஆவணம் உண்டா என்று விசாரிக்கச் சொன்ன யோசனைதான். கடனாளியின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் விரிவாகவே இருந்தது. குடியுரிமை நாடு வழங்கிய, செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டை அம்மாநிலச் சட்டம் ஏற்கிறது. பெயர் உறுதிமொழிப் படிவமே (இரு பெயர்களும் தன்னுடையவையே என்று கடனாளி கையொப்பமிடுவது) போதும் என்ற யோசனை இங்கே பொருந்தவில்லை. அது கடன் வழங்குநரின் தேவைக்கானதே தவிர, அடையாளத்தைச் சரிபார்க்கும் நோட்டரியின் கடமைக்கு மாற்றாகாது. நம் பெயர்முறை கொண்டவர்களுக்குக் கையொப்பம் பெறுவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது. பாஸ்போர்ட் வங்கி லாக்கரில் இருந்ததால் சந்திப்பு தள்ளிப்போய், ரத்து உரிமை அறிவிப்பில் அச்சிட்டிருந்த தேதிகள் பொருந்தாமல் போயின. குடியிருக்கும் வீட்டின் மீது புதிய வழங்குநரிடம் பெறும் இத்தகைய கடனை 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். அக்கணக்கில் சனிக்கிழமை சேரும், ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் சேரா. தேதியை நானாகத் திருத்தாமல் எஸ்க்ரோ அலுவலகத்திடமிருந்து புதிய படிவம் பெற்று, உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் 2 பிரதிகள் கொடுத்தேன். அடமானப் பத்திரம் என்பதால் நோட்டரி பதிவேட்டில் கட்டைவிரல் ரேகையும் பெறப்பட்டது.