கருக்கலைப்பு விவாதச் சொற்கள்: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கருக்கலைப்பு விவாதம் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமை என்று 1973-இல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு, அதை 2022-இல் ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்பு இரண்டையும் எழுதி முடித்தாயிற்று. சொற்களில்தான் சிக்கல்.

கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் 'ப்ரோ லைஃப்' (உயிர் ஆதரவு), அதை உரிமையாகக் கேட்பவர்களின் 'ப்ரோ சாய்ஸ்' (தேர்வு ஆதரவு) இரண்டும் அந்தந்தத் தரப்பு தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்கள். 'உயிர் ஆதரவாளர்' என்று எழுதினால் மறுதரப்பு உயிருக்கே எதிரி என்றாகிவிடுகிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 'கருக்கலைப்பு எதிர்ப்பு', 'கருக்கலைப்பு உரிமை' என்ற வழியில் போகிறது. எனக்கும் அதுவே நேர்மையாகப் படுகிறது. ஆனால் ஒருவர் பேச்சை மேற்கோளாகத் தரும்போது என்ன செய்வது?

அடுத்தது இன்னும் தொல்லை. 2021 டெக்சஸ் சட்டம், கருவில் 'இதயத்துடிப்பு' தெரிந்த பிறகு கருக்கலைப்பு கூடாது என்கிறது. ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் (கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கு) இதயமே முழுதாக உருவாகியிருக்காது என்று மருத்துவர்கள் பலர் அச்சொல்லை மறுக்கிறார்கள். 'துடிப்பு' என்று மட்டும் எழுதலாமா? பத்தாவது வாரத்துக்குப் பிந்தைய நிலையை (ஆங்கிலத்தில் 'ஃபீட்டஸ்') 'வளர்கரு' என்றால் பொதுவாசகருக்குப் புரியுமா?

மருத்துவமோ சட்டமோ மொழிபெயர்ப்போ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தத் தரப்பு சரி என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம்.