ஐந்து வயதில் சிறுநீரகக் கல்: மரபணுச் சோதனை அவசியமா?

கேள்வி:
வணக்கம். என் ஐந்து வயது மகனுக்கு இரண்டாம் முறையாகக் கல் வந்து, உளுந்தளவு துணுக்கு ஒன்று சிறுநீரோடு வெளியேறியது. அதை ஆய்வுக்குக் கொடுத்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று தெரிந்தது. தண்ணீர் போதாததே காரணம் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரோ மரபணுச் சோதனை எழுதியிருக்கிறார். அது அவசியமா? இவனுக்கு ஒரு தங்கையும் இருக்கிறாள்.

பதில் 1:
தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு வரும் கல்லைப் போல இதை எண்ணக் கூடாது. முதல்வகை ஹைப்பராக்சலூரியா என்னும் அரிய நோயில், ஏஜிஎக்ஸ்டி மரபணுவின் பிழையால் கல்லீரல் ஆக்சலேட் என்ற கழிவுப்பொருளை அளவின்றி உற்பத்தி செய்ய, அது சிறுநீரகத்தில் படிகமாகி, கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். பெற்றோர் இருவரும் பிழையுள்ள மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதால், மகனுக்கு இந்நோய் உறுதியானால் தங்கையையும் சோதிக்க வேண்டும்.

பதில் 2:
ஆராய்ச்சி உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது. கல்லீரலில் ஆக்சலேட்டுக்கு மூலப்பொருள் உருவாவதைத் தடுக்கும் லுமாசிரான் என்ற ஊசிமருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்புதல் அளித்தன. ஆறு வயதுக்கு மேற்பட்ட 39 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களின் சிறுநீர் ஆக்சலேட் ஏறத்தாழ 65 விழுக்காடு குறைந்தது. அதைவிடச் சிறிய குழந்தைகளிடமும் தனியாக ஆய்வு நடந்தது. விலைதான் மிக அதிகம், அது எனக்குப் பெரும் வேதனை. சிலருக்கு வைட்டமின் பி6 மட்டுமே நல்ல பலன் தருகிறது. யாருக்கு என்பதையும் மரபணு முடிவே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

பதில் 3:
முடிவு வரும்வரை, மருத்துவர் சொன்ன அளவில் தண்ணீரை நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். என் மகளை இரவிலும் எழுப்பி அரை டம்ளர் குடிக்க வைப்போம். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று, மருத்துவராகச் சொல்லாமல் பாலை நிறுத்திவிடாதீர்கள்.