பருவ வருமானத்தில் ஆரி வேலைக்கான செலவு: வழி கேட்கிறேன்

கிருஷ்ணகிரிக்கு அருகே மாந்தோப்பை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் பணம் மொத்தமாகக் கைக்கு வருகிறது. சென்ற ஆண்டு முதல் பொழுதுபோக்காக ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, செய்துவருகிறேன். வீட்டில் எவரும் தடை சொல்வதில்லை; ஆயினும் ஜரிகை நூலோ கண்ணாடி மணியோ வாங்கும்போதெல்லாம், அது உரத்துக்கும் மருந்துக்கும் உரிய பணம் என்ற உறுத்தல் எழுவதால், வாங்கியவற்றைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறேன். ஜரிகையோ ஈரக்காற்றில் நாளடைவில் கறுத்துவிடக்கூடிய பொருள்.

மாதம் 500 ரூபாயைத் தனி உறையில் போட்டுவைத்துப் பார்த்தேன். பூப்பிடிக்கும் பருவத்து மருந்துச் செலவு அதை விழுங்கிவிட்டது. அஞ்சலகத் தொடர் வைப்பு 5 ஆண்டுத் திட்டம் என்பதால் இதற்குப் பொருந்தவில்லை. விலை மலிவென்று பெங்களூரு சிக்பேட்டை மொத்த விற்பனைக் கடைகளுக்குச் சென்றால், கட்டுக் கட்டாக வாங்க நேர்ந்து, மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. கூலிக்கு ரவிக்கைகளில் வேலை செய்து கொடுத்து ஈடுகட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். முகூர்த்த நாள் நெருக்கடியோடு ஊசி பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை, ஆகவே அந்த யோசனை வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறையே வருமானம் வரும் வீடுகளில் இருப்பவர்கள், இத்தகைய விருப்பச் செலவுக்கான தொகையை எப்போது, எந்தக் கணக்கில் ஒதுக்கிவைக்கிறீர்கள்?