மக்காச்சோளம் இப்போதே வாங்கிப் போடலாமா? பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கிற ஆலைகள் மறுபடி விலையை ஏற்றிவிடுமா?

மோகனூர் பண்ணை:
பத்தாயிரம் முட்டைக்கோழி, தீவனம் சொந்த அரவை. அப்பா காலத்தில் கர்நாடகத்தில் மழை எப்படி, பெரம்பலூர்ப் பக்கம் விளைச்சல் எப்படி என்று இரண்டு பேரிடம் விசாரித்தால் மக்காச்சோள விலை பிடிபட்டுவிடும். தை, மாசியில் வரத்து கூடி விலை இறங்கும்போது கையில் இருக்கிற காசுக்கு வாங்கிப் போட்டுவிடுவார். 2024இல் அந்தக் கணக்கு எடுபடவில்லை, விலை ஏறிவிட்டது. ‘எல்லாம் எத்தனாலுக்குப் போகுதுங்க’ என்றார் வியாபாரி. சரி என்று நம்பினால், 2025 நவம்பரில் கர்நாடகத்தில் விலை படுத்து விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். எத்தனால் அப்போதும் ஓடிக்கொண்டுதானே இருந்தது? சில மாதச் சரக்கை இப்போதே எடுத்து வைப்பதா, வேண்டாமா? இன்னொன்று, டிடிஜிஎஸ் (தானியத்தில் எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை) தீவனத்தில் கலந்தால் செலவு குறையும் என்று ஒருவர் நச்சரிக்கிறார். கலக்கலாமா?

தீவன மில் கொள்முதல்:
எனக்கு இதுதான் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் வரும். 2024 ஜனவரியில் எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு ஊக்கத்தொகையோடு சேர்த்து லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று வைத்தார்கள். பெருக்கிப் பாருங்கள், கிலோ மக்காச்சோளத்துக்கு 27 ரூபாய்க்கு மேல் ஆலைக்கு வருமானம். டிடிஜிஎஸ் விற்ற காசு தனி. அதில் ஓட்டுக்கூலி, எரிபொருள், வட்டி போனாலும், நாம் வழக்கமாக வாங்கும் விலையைவிட மேலே கேட்க அவனுக்குத் தெம்பு இருக்கிறது. அவன் எத்தனாலை வாங்குவது எண்ணெய் நிறுவனம், விலையும் முன்கூட்டியே முடிவானது. நமக்கு முட்டை விலை நாளைக்கு என்ன என்றே தெரியாது.

ஊக்கத்தொகை ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 2023இல் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழை பொய்த்துக் கரும்பு குறைந்தது. சர்க்கரை விலை ஏறிவிடும் என்று டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை போட்டார்கள், ஒரு வாரத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்கு முன்பே, ஜூலையில், ஆலைகளுக்குக் கொடுத்துவந்த இந்திய உணவுக் கழக அரிசியையும் நிறுத்தியிருந்தார்கள். மிஞ்சியது மக்காச்சோளம். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்கியது. கரும்புக்கு மழை இல்லையென்றால் நாமக்கல்லில் கோழிக்குத் தீவனம் ஏறுகிறது!

அடுத்த வருடம் காட்சி மாறியது. 2025 ஜனவரியில் உணவுக் கழக அரிசியை ஆலைகளுக்குக் கிலோ 22.50 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். விலை ஏறியதைப் பார்த்து விவசாயிகளும் மக்காச்சோளத்தைக் கூடுதலாக விதைத்தார்கள். விளைச்சல் குவிந்தது. அதனால் எத்தனால் காரணமா என்று கேட்டால், விலை ஏறியது, இறங்கியது இரண்டு முறையும் காரணம்தான். இனி மழையோடு சேர்த்து, நவம்பரில் தொடங்கும் எத்தனால் கொள்முதல் ஆண்டுக்கு எந்தச் சரக்குக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதையும் பாருங்கள். அரிசி தாராளமாகக் கிடைத்தால் நமக்கு மூச்சு விட முடியும்.

உங்கள் பண்ணைக்கு நாளுக்குச் சுமார் 600 கிலோ மக்காச்சோளம் வேண்டும். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் தினம் 3,000 ரூபாய், முட்டைக்கு 35 காசு. முழுச் சரக்கையும் ஒரே விலையில் எடுக்காதீர்கள். பாதியை வரத்து நேரத்தில் எடுங்கள். மீதியை மாதாமாதம்.

வேப்பந்தட்டை மானாவாரி:
பண்ணைக்காரர்கள் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறியதை மட்டும் எழுதுகிறீர்கள். படைப்புழு வந்த 2018இல் எங்கள் காட்டில் மக்காச்சோளம் பாதி போச்சு, அப்போது எந்தக் கோழிப்பண்ணைச் சங்கமும் வரவில்லை. பிறகு ஒரு வருடம் நல்ல விலை கிடைத்ததும் ‘வரியில்லாமல் இறக்குமதி செய்’ என்று டெல்லிக்கு மனு. 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 என்று அறிவித்தார்கள், வாங்குவதற்கு ஆள்தான் இல்லை. எத்தனால் ஆலை என்றாலும் ஈரப்பதம் என்று சொல்லிக் கழிப்பது அதே வியாபாரிதான். ஆனால் இன்னொருவனும் கேட்கிறான் என்ற பயம் அவனுக்கு வந்திருக்கிறதே, அது எங்களுக்கு லாபம்.

ஸ்ப்ளெண்டர் பிரியன்:
என் வண்டி பழையது. மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பிறகும் பெட்ரோல் விலையில் ஒரு ரூபாய் குறையவில்லையே?

தீவன மில் கொள்முதல்:
குறையாது. 2025 ஜூலை கணக்குப்படி போக்குவரத்து, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எத்தனாலுக்குச் சராசரியாக லிட்டருக்கு 71.32 ரூபாய் ஆனது. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கத்தைவிட அது அப்போது அதிகம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. அந்நியச் செலாவணி மிச்சமாவது நிஜம், அது உங்கள் பங்க் பில்லில் தெரியாது.

வேப்பந்தட்டைக்காரர் சொல்வது நியாயம். நான் வாங்குகிற பக்கம் இருப்பவன், அதனால் என் வருத்தம் வேறு.

மோகனூர் பண்ணை:
சரிங்க, பாதியை எடுத்துவிடுகிறேன். டிடிஜிஎஸ்?

தீவன மில் கொள்முதல்:
கலக்கலாம், அளவோடு. சோயா புண்ணாக்கு விலை இறங்கியதற்கே டிடிஜிஎஸ் வரத்து ஒரு காரணம், மத்தியப் பிரதேச சோயா விவசாயிகளுக்கு அதில் பெரிய அடி. ஆனால் மாவுச்சத்து சாராயமாகப் போனபின் மிச்சமாவது மூன்றில் ஒரு பங்கு. தானியத்தில் இருந்த பூஞ்சை நச்சு மூன்று மடங்காகச் சேர்ந்து அதிலேயே நிற்கும். ஈரலைக் கெடுத்து முட்டையைக் குறைத்துவிடும். அரிசி டிடிஜிஎஸ்ஸில் புரதம் 45 சதவீதம் வரை வரும், மக்காச்சோளத்தில் 30க்குள். எது என்று கேட்டு வாங்குங்கள். முதலில் 5 சதவீதம் போதும். லோடு இறக்கும் முன் நாமக்கல் கால்நடைக் கல்லூரித் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டுக்குச் சம்மதிக்காத ஆளிடம் வாங்க வேண்டாம்.